நூற்றறுபது என்று எழுதிய பட்டை

ஜனவரி 9

வாண்டுக்கு,

என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். மாமா போனிலிருந்து அடித்தேன், அதையும் தடுத்திருக்கிறாய். பாவம், அந்த மனுஷன் உனக்கு என்னடி செய்தார்? வேறு வழியில்லாமல் தபாலில் அனுப்புகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் முதலில் பொட்டலத்தைப் பிரி, அப்புறம் கடிதத்தைக் கிழி.

உள்ளே இருப்பது பிரஷர் பார்க்கும் பட்டை மாதிரியேதான், ஆனால் தொடைக்கு. கையால் அழுத்தும் பம்பும் முள் வைத்த மீட்டரும் கூட இருக்கின்றன. செப்டம்பரில் ஆபரேஷன் ஆனதிலிருந்து உன் இடது தொடை எப்படி வற்றிப் போயிருக்கிறது என்று நீயே பார்க்கிறாய். தசை ஏற வேண்டுமானால் கனம் தூக்க வேண்டும். கனம் தூக்கினால் முட்டிக்குள் புதிதாக வைத்துக் கட்டிய தசைநார் தாங்காது. இதற்குத்தான் பட்டை. தொடையின் மேல் பக்கம் கட்டிக் காற்றேற்றினால் காலுக்கு வரும் ரத்தம் குறையும், திரும்பும் ரத்தம் தேங்கும். நாலு கிலோவைத் தூக்கினாலும் தசை பெரிய பாரம் தூக்கியதாகத் திணறும். திணறும் தசை வளரும். ஆனால் ரத்தத்தைக் குறைக்கத்தான் வேண்டும், நிறுத்தவே கூடாது.

முப்பது தடவை, அரை நிமிஷம் ஓய்வு, அப்புறம் பதினைந்து பதினைந்தாக மூன்று முறை. முடிந்ததும் காற்றைத் திறந்துவிடு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். முள் நூற்றறுபதில் நிற்க வேண்டும். நீ மறந்துவிடுவாய் என்று பட்டையிலேயே மார்க்கரால் எழுதியிருக்கிறேன். ஆளுக்கு ஆள் அளவு மாறும், குத்துமதிப்பாகக் கட்டக் கூடாது. உன் அளவு என் நோட்டில் இருக்கிறது. நவம்பரில் இங்கே கிளினிக் மேஜையில் படுத்துக்கொண்டு 'கூசுது, கூசுது' என்று ஊரைக் கூட்டினாயே, அன்றைக்கு எடுத்தது.

உன் ஜிம் மாஸ்டர் ரப்பர் பெல்ட்டை இழுத்துத் தொடையில் முடிச்சுப் போட்டிருக்கிற போட்டோவைப் பார்த்தேன். அந்த ஆளிடம் இனிமேல் காலைக் கொடுக்காதே.

மற்ற விஷயம். உங்கள் தீயணைப்புத் துறை டாக்டர் என்னிடம் கேட்டார், 'இந்தக் கால் வேலைக்குத் தயாரா?' என்று. இல்லை என்றேன். பார்த்ததைச் சொன்னேன். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

அக்கா


ஜனவரி 17

அக்காவுக்கு,

பட்டையை எடுத்துக்கொண்டேன். கால் என்னுடையது, அதனால். நான் இறங்கி வந்துவிட்டேன் என்று மனப்பால் குடிக்காதே.

நீ பார்த்ததைச் சொன்னாய். நான் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதையும் கொஞ்சம் பார். தீயணைப்பு நிலையத்தின் கண்ட்ரோல் ரூமில், தலையில் ஹெட்போனோடு. 'எங்க எரியுது? எத்தனாவது மாடி? உள்ள யாராவது இருக்காங்களா?' கேட்டு எழுதி மணியை அழுத்துகிறேன். அரை நிமிஷத்தில் என் குழு என் ஜன்னலைத் தாண்டி ஓடுகிறது. எட்டு வருஷம் நான் உட்கார்ந்த சீட்டில் வேறொருவன் ஏறிப் போகிறான், ஹெல்மெட்டின் வாரைக்கூட மாட்டாமல். திரும்பி வந்ததும் அவர்கள் புகை நாற்றத்தோடு சிரித்துக்கொண்டு டீ குடிப்பார்கள். நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். நன்றாக இருக்கிறது, அக்கா. ரொம்ப நன்றாக இருக்கிறது.

ஊரில் இருக்கிற அத்தனை பிசியோதெரபிஸ்ட்டும் அவரவர் பேஷண்டுக்காகப் பேசுவார்கள். எனக்கு வாய்த்தது சொந்த அக்கா. நீ மட்டும் 'இன்னும் ஒரு மாசம் பார்க்கலாம்' என்று இழுத்திருந்தால் போதும், என்னைத் தூக்கி இங்கே உட்கார வைத்திருக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 20 தேர்வு. இருபது கிலோ ஹோஸ் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பயிற்சிக் கோபுரத்தின் ஆறு மாடியை இரண்டரை நிமிஷத்தில் ஏற வேண்டும். தேறினால் மறுபடி என் ஏணிக் குழு. தேறாவிட்டால் இந்த நாற்காலிதான் ஓய்வு பெறும் வரைக்கும். எழுத்தில் கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே உன் நூற்றறுபதைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். போதுமா?

வாண்டு என்று கூப்பிடாதே. எனக்கு முப்பத்தொரு வயசு.


ஜனவரி 22

வாண்டுக்கு,

கேட்டதற்கு மட்டும் பதில் எழுது. சண்டையைத் தனித் தாளில் எழுது, அதையும் படிக்கிறேன்.

தொடையின் சுற்றளவு எவ்வளவு? பட்டை கட்டியிருக்கும்போது பாதம் என்ன நிறத்தில் இருக்கிறது? விரல்களில் உணர்வு இருக்கிறதா? இளஞ்சிவப்பாகி ஒரு கனம் தெரிந்தால் சரி. வெளுத்தால் உடனே கழற்று. மறுநாள் கெண்டைக்காலில் வீக்கம், சூடு, வலி ஏதாவது உண்டா?

உடனே எழுது.

அக்கா


ஜனவரி 29

அக்காவுக்கு,

கண்ட்ரோல் ரூமில் இரட்டை ஷிப்ட், அதனால்தான் தாமதம். உன் கடிதம் மூன்று நாள் பையிலேயே கிடந்தது.

தொடை ஒன்றரை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது! டெய்லர் டேப்பில் மூன்று தடவை அளந்துவிட்டேன். உச்சி குளிர்ந்துவிட்டது. உன் மேல் கோபம் இருந்தாலும் உன் பட்டை மேல் கோபம் இல்லை.

பாதம் வெளுக்கத்தான் செய்கிறது. இரண்டாவது சுற்றிலேயே சுண்ணாம்பு பூசிய மாதிரி ஆகிவிடும். கடைசி இரண்டு விரல் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டை வேலை செய்தால் அப்படித்தான் இருக்கும் போல என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன். நீ கழற்றச் சொல்லி எழுதியதை நேற்றுதான் படித்தேன்.

இன்னொன்று. கத்தாதே. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால் பிப்ரவரி 20க்குள் எனக்குப் போதாது. தினமும் இரண்டு வேளை செய்கிறேன். முந்தாநாளிலிருந்து கெண்டைக்கால் இறுகிப்போய் வீங்கியிருக்கிறது. படியேறினால் சுள்ளென்று இழுக்கிறது. இரண்டு நாள் ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும், இல்லையா? ஆமாம் என்று மட்டும் எழுது, அக்கா. இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.


பிப்ரவரி 2 (கூரியர்)

அடிப் பாவி,

உன் கடிதம் காலை பத்தரைக்கு வந்தது. பேஷண்ட்டை மேஜையில் அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

வீங்கிய கெண்டைக்கால். ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தால், அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போகும். ஓய்வு கொடுத்தால் சரியாகும் சமாச்சாரமா இது? ரயில் பிடித்து வந்தால் பதினொரு மணி நேரம். உனக்குப் போன் போகாது. அதனால் உன் நிலையத்துக்கே அடித்தேன். ஸ்டேஷன் ஆபீசரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். 'இப்பவே ஜீப்ல ஏத்தி ஸ்கேனுக்கு அனுப்புறேம்மா, நீங்க பதறாதீங்க' என்றார். இதை நீ படிக்கும்போது ஸ்கேன் முடிந்திருக்கும்.

தினமும் இரண்டு வேளை! யாரைக் கேட்டுச் செய்தாய்? கால் வெளுத்தால் எந்தக் குழந்தையும் பயப்படும். உனக்குப் பயமே வராதா? முள்ளை நூற்றறுபதுக்கு மேலே ஏற்றினாயா? உண்மையைச் சொல். ஏற்றாமல் பாதம் அப்படி வெளுக்காது. எனக்கு உன்னைத் தெரியும். பத்து என்றால் பதினைந்து செய்கிறவள் நீ.

முடிவு என்ன என்று யார் மூலமாவது சொல்லி அனுப்பு. கூரியர்க்காரர் வாசலில் நிற்கிறார், இதோடு நிறுத்துகிறேன்.

அக்கா


பிப்ரவரி 6

பிசியோதெரபிஸ்ட் அம்மையாருக்கு,

ரத்தக் கட்டி இல்லை. முதலில் அதைப் படித்துக்கொள், தூங்கு. கெண்டைத் தசை அளவுக்கு மீறி உழைத்து வீங்கியிருக்கிறது, ஒரு வாரத்தில் வற்றிவிடும். கடைசி இரண்டு விரலில் மட்டும் உணர்வு முழுசாக வரவில்லை. நரம்பு நசுங்கியிருக்கிறதாம். வரும் என்கிறார்கள், எப்போது என்று சொல்லவில்லை.

இனி மற்றது.

ஷிப்ட் நடுவில் ஆபீசர் வந்து, ஹெட்போனைக் கழற்றச் சொல்லி, எல்லார் முன்னாடியும் என்னை ஜீப்பில் ஏற்றினார். என் குழு வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தது. மறுநாள் போர்டில் தேர்வுப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். என் பெயர் இல்லை. 'சொந்தமா காலைக் கட்டிக்கிட்டு வீங்க வச்சுக்கிறவங்களை நான் எப்படிம்மா கோபுரத்துல ஏத்துறது?' என்றார். முதல் தடவை நீ ஒரு வரி சொன்னாய், சீட்டுப் போச்சு. இரண்டாவது தடவை ஒரு போன் செய்தாய், தேர்வும் போச்சு. மூன்றாவது தடவைக்கு என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

முள்ளை ஏற்றினாயா என்று கேட்டிருக்கிறாய். கேட்டுக்கொள். ஆஸ்பத்திரி டாக்டர் பட்டையைக் கொண்டுவரச் சொன்னார். என் காலில் கட்டி, கணுக்காலில் ரத்த ஓட்டத்தின் சத்தம் கேட்கிற கருவியை வைத்துக்கொண்டு காற்றை ஏற்றினார். உஸ் உஸ் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நூற்றைம்பதில் சத்தம் நின்றுவிட்டது. 'இந்தப் பட்டைக்கு நூத்தம்பதுலயே ரத்தம் மொத்தமா நின்னுடுதும்மா. நூத்தறுபதுன்னு எழுதினது எந்தப் புத்திசாலி?' என்றார்.

நான் ஒரு புள்ளி கூட ஏற்றவில்லை. இரண்டு வேளை செய்தது என் தப்பு, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மார்க்கர் கையெழுத்து யாருடையது, அக்கா?


பிப்ரவரி 10

வாண்டுக்கு,

என்னுடையது.

கடிதம் வந்ததும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நவம்பரில் உன் காலை அளந்தது கிளினிக்கில் இருக்கும் பழைய, குறுகலான பட்டையால். அதில் இருநூறில்தான் உன் ரத்தம் நின்றது. அதில் நூற்றுக்கு எண்பது, நூற்றறுபது. கணக்கு சரி. பிறகு உனக்கென்று கடைக்குப் போனபோது, குறுகலான பட்டை சதையைக் கவ்வும், பிள்ளைக்கு வலிக்குமே என்று அகலமானதாகப் பார்த்து வாங்கினேன். அகலமான பட்டைக்குக் குறைந்த அழுத்தமே போதும். பட்டை மாறினால் காலை மறுபடி அளக்க வேண்டும். இதை வருஷா வருஷம் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே வகுப்பெடுக்கிறேன். உன் விஷயத்தில் பழைய எண்ணை அப்படியே எழுதி, பசை தடவி, தபாலில் போட்டேன். வேறு பேஷண்ட்டாக இருந்தால் வரச்சொல்லி அளந்திருப்பேன். நீ பேச மாட்டாய், வர மாட்டாய், ஜிம் மாஸ்டர் கட்டிவிடுவார் என்ற அவசரம். அது சமாதானம் ஆகாது, எனக்குத் தெரியும்.

தப்பு செய்தது நான். உன்னைப் போய் 'உண்மையைச் சொல்' என்று மிரட்டினேன். அந்த வரியை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மன்னித்துவிடு. செய்ய வேண்டியதைச் செய்கிறேன். விரல்களைத் தினமும் தொட்டுப் பார்த்து எழுது.

அக்கா


மார்ச் 1

அக்கா,

துறை டாக்டர் நேற்று கூப்பிட்டார். மேஜையில் உன் கடிதம். வாய்விட்டுப் படித்தார். 'அழுத்த அளவை நிர்ணயித்தது நான். தவறு முழுக்க என்னுடையது. அவர் காலை வீங்க வைத்தது அவருடைய அலட்சியம் என்று கருதி அவர் பெயரை நீக்க வேண்டாம்.' அப்படியே ஆபீஸ் தமிழில் எழுதியிருக்கிறாய், உன் பதிவு எண்ணோடு, கையெழுத்தோடு. இரண்டு வேளை கட்டிக்கொண்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை நானே டாக்டரிடம் சொல்லிவிட்டேன். உன் ஒருத்தி தலையில் மொத்தத்தையும் ஏற்ற நான் என்ன ராட்சசியா? டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். 'ரெண்டு பேரும் ஒரே அச்சுதான்' என்றார்.

எனக்குத் தனியாகத் தேர்வு வைக்கிறார்கள். மார்ச் 20.

கடிதத்தின் அடியில் 'நகல்: கிளினிக் நிர்வாகம்' என்று போட்டிருந்தது. வெளியே வந்து மாமாவுக்கு அடித்தேன். விசாரணை முடியும்வரை பேஷண்ட்டைத் தொடக் கூடாது என்று உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாமே. இரண்டு வாரமாக அலமாரியைக் கழுவிக் கழுவி அடுக்குகிறாயாம். 'அவ உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாம்மா' என்கிறார். ஏன் சொல்லவில்லை? நான் அவ்வளவு வேண்டாதவளாகிவிட்டேனா?

உனக்கு அடித்தால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். வீக்கம் போய்விட்டது. ஒரு விரல் திரும்பி வந்துவிட்டது. இங்கே ஆஸ்பத்திரி பிசியோ நூற்றிருபதில் வைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள், பக்கத்திலேயே உட்கார்ந்து செய்ய வைக்கிறார். நல்லவர். 'தாராளமா ஏறலாம்' என்கிறார். ஆனால் அவர் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார் போல ஒரு சந்தேகம்.

நீ வந்து பார். இப்போது உனக்கு வேலையும் இல்லை, சாக்கும் இல்லை.

வாண்டு


மார்ச் 12

வாண்டுக்கு,

இரண்டு நாள் உன்னோடு இருந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ரயிலேறினேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். அளந்து முடித்ததும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய், டீயைக்கூடக் குடிக்காமல். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொல்ல வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி 'ரயிலுக்கு நேரமாச்சு' என்றேன். நேரம் ஆகவில்லை. பிளாட்பாரத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தொடை நன்றாக ஏறியிருக்கிறது. ஆறு மாடி ஏறிவிடுவாய். இரண்டரை நிமிஷத்துக்குள் ஏறிவிடுவாய். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் உன் வலது காலின் பலம் நூறு என்றால் இடது கால் எண்பத்திரண்டு. குறைந்தது தொண்ணூறு வேண்டும். ஒற்றைக் காலில் படியிறங்கச் சொன்னேனே, ஒன்பதாவது தடவைக்குமேல் முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. நீ கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். ஏறுவதற்கு இந்தக் கால் போதும். தோளில் ஒரு ஆளோடு இறங்குவதற்குப் போதாது. இறங்குவதை அந்தத் தேர்வில் கேட்கவே மாட்டார்கள். எரிகிற கட்டடத்தில் நீ போவதே இறங்கி வரத்தானே?

ஜூனில் ஆபரேஷன் முடிந்து ஒன்பது மாசம் ஆகிறது. அப்போது இருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது இல்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு இப்போது தகுதியும் இல்லை, என்னைக் கேட்பாரும் இல்லை. துறைக்கு எழுத மாட்டேன், போன் செய்ய மாட்டேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஒருமுறை எண்ணைத் தப்பாக எழுதியவள் பேச்சை ஏன் கேட்க வேண்டும் என்று தோன்றினால், அதுவும் நியாயம்தான்.

நீ என்ன செய்தாலும் நான் உன் பக்கம்தான். அழுதுகொண்டுதான் எழுதுகிறேன், எழுத்து கலங்கியிருந்தால் கண்டுகொள்ளாதே.

அக்கா


மார்ச் 21

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்டித் தீர்த்தேன். ஒரு தடவையாவது, பொய்யாகவாவது, எனக்குப் பிடித்ததைச் சொல்லத் தெரியாதா உனக்கு? மூன்றாவது நாள் கோபம் தீர்ந்து பயம் பிடித்துக்கொண்டது. கண்ட்ரோல் ரூமில் ஒரு பெண் போனில் கத்தினாள், 'அஞ்சாவது மாடி, எங்கப்பாவால நடக்க முடியாது' என்று. மணியை அழுத்திவிட்டு என் முட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேற்று தேர்வு. ஆபீசர் ஸ்டாப்வாட்சோடு கீழே நின்றார், டாக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், என் குழு முழுக்க வந்திருந்தது. இரண்டு நிமிஷம் பதினேழு நொடி. கீழேயிருந்து விசில் பறந்தது. அந்த ஹெல்மெட் வார் மாட்டாதவன்தான் முதலில் கைதட்டினான். ஆபீசர் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை, அக்கா. அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம்.

'சார், ஒரு நிமிஷம்' என்று மேலேயிருந்து கத்தினேன். ஆறாவது மாடியில் பயிற்சிக்கு வைத்திருக்கிற மணல் பொம்மை கிடந்தது, அறுபது கிலோ. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன். ஐந்தாவது மாடி நன்றாக இருந்தது. நாலாவது மாடித் திருப்பத்தில் முட்டி உள்ளே மடங்கிவிட்டது. சுவரில் தோள் இடித்து நின்றேன், விழவில்லை. பொம்மைதான் விழுந்து, தலை முன்னால் போக, எட்டுப் படி உருண்டது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வலி இல்லை. முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, டாக்டர் பார்த்துவிட்டார். பொம்மையின் முகம் தரையில் குப்புறக் கிடந்தது, அதைத்தான் பார்க்க முடியவில்லை.

நடந்து இறங்கி, படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொன்னேன். ஜூனில் இன்னொரு வாய்ப்பு கேட்டேன். துறைக்கு எழுதிப் பார்க்கிறாராம், கிடைக்கும் என்று உறுதியில்லையாம். கிடைக்காவிட்டால் நாற்காலிதான். ராத்திரி முழுக்க அதையே யோசித்தேன். ஆனாலும் வருத்தப்படவில்லை.

ஆபீசருக்குத்தான் தாங்கவில்லை. பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்.

'தேறிட்டியேம்மா. உன்னை யாரு இறங்கிப் பாக்கச் சொன்னது?'

'எங்க அக்கா சார்.'

'யாரு, காலைக் கெடுத்தாங்களே, அந்த அக்காவா?'

'எனக்கு இருக்கிறதே ஒரு அக்காதான் சார்' என்றேன்.

வாண்டு